காலேஜுக்கு லீவு விட்டா ஒன் கடைக்கு யாருலே வருவா?

ஏலே பேராண்டி, ஹோட்டலு வைக்கப் போறியாமே? அதுவும் சாதா ஹோட்டலு இல்ல, ஒசத்தி ஹோட்டலுன்னு ஒங்கப்பன் சொன்னான். சொல்லும்போது அவன் மொகத்துல பெருமையும் இருந்துது, வயித்தெரிச்சலும் இருந்துது. வீட்டுப் பத்திரத்தக் கொண்டுபோயி பேங்குல வைக்கப் போறது அவன்லா?

செய்யி. நான் வேண்டாம்னா சொல்லுதேன்? பாளையங்கோட்டையில நாலு பேரு நிம்மதியா உக்காந்து சாப்பிட ஒரு நல்ல எடம் வரட்டுமே. கெழவனுக்கும் ஒரு மேசை போட்டு வை. ஆனா கம்ப்யூட்டர்ல நீ வரைஞ்சு வெச்சிருக்குற படத்தப் பாத்த பெறவு எனக்குக் கொஞ்சம் சந்தேகம். கேக்கட்டுமா?

செவத்துக்கு ஏன்லே பூச்சு இல்ல? செங்கலு அப்படியே பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கு. எங்காலத்துல பூசத் துட்டு இல்லாதவன் வீடுதான் அப்படி நிக்கும். இப்பம் பூசாம விடுததுக்குத் தனியாத் துட்டு வாங்குதானாமே, நெசமா? மேல இருந்து வயரு தொங்குது, நுனியில ஒரு குண்டு பல்பு. மேசையில வெளிச்சமே விழல. மீன்ல முள்ளு இருக்கா இல்லையான்னு தடவிப் பாத்தா திங்கணும்? அதெல்லாங்கூடப் போகட்டும். படம் பூராவும் தேடிப் பாத்தேன், அடுக்களையக் காணோம். கேட்டா, "அது பொறத்தால ஒரு எடத்துல வரும் தாத்தா"ங்க. ஹோட்டலுக்கு அடுக்களை பொறத்தால ஒரு எடத்துல வருமாம்! நீ போட்டோ ஸ்டுடியோ வைக்கப் போறியா, சோத்துக்கடை வைக்கப் போறியா?

பெறவு ஒரு கணக்கு சொன்னியே, அதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தக் கெடுத்துட்டு. "பாளையங்கோட்டைன்னா காலேஜு ஊரு தாத்தா. தென்னிந்தியாவோட ஆக்ஸ்போர்டு. நூத்துல ரெண்டு பய வந்தாப் போதும், கடை நெறஞ்சிரும்."

காலேஜுக்கு இங்கன கொறச்சலா? ஜான்ஸ் காலேஜு 1878-ல வந்தது. சாராள் டக்கரு 1895-ல, பொம்பளப் புள்ளைய படிக்கதுக்குன்னே வந்தது. சேவியரு 1923. சித்தா காலேஜு 1964, அதுக்கு அடுத்த வருசம் மெடிக்கல் காலேஜு. சதக்கத்துல்லா அப்பா 1971. அபிஷேகப்பட்டியில யுனிவர்சிட்டி 1990. ஆத்துக்கு அந்தப் பக்கம் பேட்டையில இந்துக் காலேஜு. காலையில எட்டரை மணிக்கு முருகன்குறிச்சியில நின்னு பாரு, ரோட்டக் கடக்க முடியாது. எல்லாம் நெசந்தான். ஆனா இத்தன வருசமா இத்தன காலேஜு இருக்கே, நீ சொல்லுத ஒசத்திக் கடை ஏன் தெருவுக்கு ஒண்ணு மொளைக்கல? எங்காளுவளுக்குப் புத்தி இல்லன்னு நெனச்சியா? வெச்சுப் பாத்தவன் எத்தன பேரு, இழுத்து மூடுனவன் எத்தன பேரு, தெரியுமா? ஜவுளிக்கடைக்காரன் அவன் எடத்த வாங்கிச் செவத்தப் பூசிட்டான், அதனால ஒனக்குத் தெரியல.

நூத்துல ரெண்டு பேருங்குற கணக்கு இருக்கே, அது ரொம்ப வசதியான கணக்கு. அந்த ரெண்டு பேரு யாருன்னு சொல்ல வேண்டாம் பாரு.

காலேஜுப் பய சட்டப்பையில கைய விட்டுப் பாத்திருக்கியா? நீயே அப்படிக் கெடந்த பயதான, மறந்துட்டியா? ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு அப்பன் முன்கூட்டியே துட்டக் கட்டிட்டான். மிச்சம் கையில இருக்குறது பெட்ரோலுக்கும் போனுக்கும். பசிச்சா அவன் எங்கன போவான்? ரோட்டோரத்துல ரெண்டு பரோட்டாவப் பிச்சுப் போட்டுச் சால்னாவ ஊத்தச் சொல்லுவான். இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணாச்சின்னு கேப்பான், ஊத்துவாரு. அதுக்குத் தனியா பில்லு இல்ல. வாரக் கடைசியில நாலு பைக்குல எட்டுப் பயலுவ ஏறிப் பிரானூரு பார்டருக்குப் போயி கோழியும் பரோட்டாவும் தின்னுட்டு, அப்படியே குத்தாலத்துல ஒரு முங்கு முங்கிட்டு வாரானுவ. நாக்கு ருசி அவனுக்கு இல்லன்னு யாரு சொன்னா? ஒன்னவிட அவனுக்குத் தெரியும்.

ஒன் கடைக்கும் வருவான். எப்பம் வருவான்? பெறந்த நாளு வந்தா வருவான். எவளையாவது கூட்டிட்டு வருவான். வேல கெடச்சா வருவான். பெறந்த நாளுக்கு ஏழு பேரா வந்து ரெண்டு பிளேட்டு வாங்கி ஒம்பது ஸ்பூனு கேப்பானுவ. கேக்க அவனுவளே கொண்டு வந்துருவானுவ. அந்த ஏசியில மூணு மணி நேரம் உக்காந்து, ஒன் செவத்துல போனுக்குச் சார்ஜு போட்டு, ஒன் குண்டு பல்புக்கு அடியில நூறு போட்டோ எடுத்துட்டு, பில்ல ஏழாப் பிரிச்சுத் தரச் சொல்லுவானுவ. கூட்டிட்டு வாரவன் பாடு இன்னும் பாவம். மெனுவத் தொறந்ததும் அவனுக்கு வேர்த்துரும். "எனக்குப் பசி இல்ல, நீ சாப்பிடு"ம்பான். அவனப் பாத்து ஒன் சர்வரு சிரிச்சான்னு வையி, அந்த ஒரு சிரிப்புல ஒனக்கு ஒரு குடும்பம் போச்சு.

எப்படின்னு கேளு. அங்கனதான் சங்கதியே இருக்கு.

ஜூன் மாசம் புது பஸ்டாண்டுல போயி நில்லு. வள்ளியூர்க்காரனோ, சங்கரன்கோயில்காரனோ ஒருத்தன் எறங்குவான். கையில புதுப் பொட்டி. பொறத்தால பொஞ்சாதி, ஒரு பையில பழம், ஒரு பையில ஊறுகா. நடுவுல புள்ள. காலேஜுல சேத்து ஹாஸ்டல்ல விட வந்திருக்காங்க. நாளைக்கு இந்நேரம் புள்ள பக்கத்துல இருக்காது. அன்னைக்கு மத்தியானம் அந்த அப்பன் கணக்குப் பாப்பானா? வருசம் பூரா பாப்பான், அன்னைக்குப் பாக்க மாட்டான். "நல்ல ஹோட்டலா பாத்துப் போவோம்"பான். எந்த ஹோட்டலுன்னு அவனுக்கா தெரியும்? புள்ள மூத்த பயலுவகிட்ட விசாரிச்சு வெச்சிருப்பான். அவனுவ சொல்லுத பேருதான் பேரு. அடுத்த வருசம் இதே புள்ள மூத்த பயலா ஆயிருவான்லா? இப்பம் தெரியுதா? எடத்தச் சொல்லுதவன் மவன். துட்டு குடுக்கவன் அப்பன். நீ மவனுக்குப் பல்பத் தொங்க விட்டு, அவங்கிட்டயே துட்டும் கேக்க.

அந்த அப்பனையும் ஆத்தாளையும் நீ எப்படி உக்கார வைக்கப் போற? அதச் சொல்லு. அப்பன் மெனுவ வலது பக்கத்துல இருந்துதான் படிப்பான். வெல அங்கனதான போட்டிருக்கு. ஆத்தா படிக்கவே மாட்டா. "தயிர்ச்சோறு இருக்கா"ன்னு கேப்பா. ஒன் சர்வரு கருப்புக் கோட்டப் போட்டுக்கிட்டு, "மேம், இது மல்ட்டி குசீன்"ன்னான்னு வையி, அவ மொகம் வாடிரும். புள்ளைக்கு வெக்கமாப் போயிரும். நாலு வருசத்துக்கு அந்தக் குடும்பம் ஒன் வாசப்படி ஏறாது. தயிர்ச்சோறு குடுக்கதுல ஒன் ஒசத்தி எங்கன கொறையுது? நல்ல தயிரு, ஒரு மோர் மொளகா, நார்த்தங்காய் ஊறுகா. அதுல பாதி வெல ஒனக்கு லாபம், கோட்டிக்காரா.

அதுக்கும் முந்தி இன்னொண்ணு. அந்த ஆத்தா ஊருல ஏறுனதுல இருந்து பஸ்ஸுல அடக்கிக்கிட்டு வந்திருக்கா. ஒன் கடைக்குள்ள வந்ததும் அவ மொதல்ல தேடுதது மெனுவ இல்ல. பொம்பளையளுக்குத் தனியா ஒரு கக்கூஸு, தாப்பா ஒழுங்கா விழணும், தண்ணி வரணும், தர ஈரமில்லாம இருக்கணும். இத நீ செஞ்சாப் போதும், பாதி ஊரு ஒனக்கு விளம்பரம் பண்ணும். ஒன் படத்துல அது இருக்கு. கதவுல தொப்பி ஒண்ணும் மீசை ஒண்ணும் வரைஞ்சிருக்க. எது ஆம்பளைக்கு, எது பொம்பளைக்குன்னு ஒங்க ஆச்சி கேட்டா. எனக்கும் தெரியல.

வாத்தியாருமார விட்டுட்டேனே. இவங்க ஒனக்கு ரொம்ப முக்கியம். பி.எச்.டி. வைவான்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? அஞ்சாறு வருசம் மண்டைய ஒடச்சு ஒரு பய ஆராய்ச்சி பண்ணுதான். கடைசியில வெளியூருல இருந்து ஒரு பெரிய வாத்தியாரு வந்து கேள்வி கேக்காரு. அது முடிஞ்சு "டாக்டரு"ன்னு கை குடுத்ததும் மத்தியானச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்கு யாரு துட்டு குடுக்கான்னு நான் சொல்ல மாட்டேன், நீயே விசாரிச்சுக்கோ. வழிகாட்டி வருவாரு, வெளியூர்க்காரரு வருவாரு, டிபார்ட்மெண்டு முழுசும் வரும், எப்பமோ ரிட்டயரு ஆனவரும் வருவாரு. பதினஞ்சு இருவது பேரு. அங்கன எவனும் ரெண்டு பிளேட்டு வாங்கி ஒம்பது ஸ்பூனு கேக்க மாட்டான். ஏன்னா அவன் துட்டு இல்லயே. ஒனக்கு வேண்டியது என்ன? இருவது பேரு ஒண்ணா உக்கார ஒரு தனி அறை. சைவம் ஒரு வரிச, அசைவம் ஒரு வரிச. ரெண்டு மணிக்குள்ள வெரசா விளம்பி முடிச்சிரணும், வெளியூர்க்காரருக்கு ரயிலு இருக்கு. இந்த அறை ஒன் படத்துல இல்ல. அந்த எடத்துல ஊஞ்சல் போட்டிருக்க. போட்டோ எடுக்கதுக்காம்.

சரி, இப்பம் ஒரு காலண்டர எடு. முருகன் படம் போட்ட தினசரிக் காலண்டரு போதும்.

ஜூன் பாதியில காலேஜு தொறக்கும். நவம்பருல பரீட்ச வந்துரும். பரீட்சைக்குப் படிக்க லீவு, பரீட்ச முடிஞ்சு லீவு. டிசம்பருல தொறந்தா கிறிஸ்மஸு லீவு, தொயந்தாப்புல பொங்கலு. ஏப்ரலுல திரும்பப் பரீட்ச. மே மாசம் ஹாஸ்டல்ல பூட்டுதான் தொங்கும். கூட்டிப் பாரு. ஒரு வருசத்துல நாலு அஞ்சு மாசம் ஒன் நூத்துல ரெண்டு பேரு ஊருலயே இல்ல. எடத்துக்காரன் மே மாசம் வாடக வேண்டாம்பானா? மாஸ்டரு பாதிச் சம்பளம் போதும்பானா? பேங்குக்காரன் பரீட்ச நேரம்னு வட்டிய விடுவானா? காலேஜு ஊருல ஒசத்திக் கடை மூடுததுக்குக் காரணம் கேட்டா, ருசி சரியில்ல, எடம் சரியில்லன்னு ஆயிரம் சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்சு பாதிக் கடை ஜூலையில கூட்டத்தப் பாத்து மயங்கி, மே மாசத்துல மூச்சு முட்டிப் போனதுதான்.

அப்பம் மே மாசத்துல யாரு வருவா? அதத்தான் ஒங்கிட்ட கேக்கேன். முழிக்காதே, நானே சொல்லுதேன்.

மெட்ராஸுலயும் பம்பாயிலயும் துபாயிலயும் இருக்குற நம்ம ஊருக்காரன் எப்பம் வாரான்? புள்ளையளுக்குப் பள்ளிக்கொடம் லீவு விட்டாத்தான் வாரான். அதுவும் மே மாசந்தான். ஊருல கோயில் கொடை, தங்கச்சிக்குக் கல்யாணம், வளைகாப்பு, எடத் தகராறு. பையில துட்டோட வாரான். பத்து நாளும் வீட்டுலயா சாப்பிடுவான்? ஒரு நாளு மச்சினனுக்கு, ஒரு நாளு கூடப் படிச்சவனுக்குன்னு வெளிய கூட்டிட்டுப் போவான். டிசம்பருல காலேஜு லீவுன்னு நீ கன்னத்துல கைய வெச்சு உக்காந்திருப்ப. இங்கன எத்தன கிறிஸ்தவக் குடும்பம் இருக்குன்னு தெரியும்லா? வெளியூருல இருக்குற புள்ள, மருமவ, பேரப்புள்ள எல்லாம் கிறிஸ்மஸுக்கு வந்து எறங்கும். ஜூனு ஜூலையில குத்தாலச் சாரலு. தூத்துக்குடி, திருச்செந்தூருப் பக்கத்துக் காருவ தென்காசிக்குப் போறப்ப நம்ம ஊரத் தாண்டித்தான் போகணும். அப்பம் காரு நிறுத்த எடம் இருக்கணுமா வேண்டாமா? ஒன் படத்துல மூணு பைக்கு நிக்கு.

ஹைகிரவுண்டுப் பக்கம் ஒரு நட போயிட்டு வா. ஆஸ்பத்திரிக்கு லீவு உண்டா? பெரிய டாக்டரு, சின்ன டாக்டரு, நர்சம்மாரு, மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. கைப்பையத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கானே, அந்தப் பிரதிநிதிதான் ஒனக்குக் கொலதெய்வம். டாக்டருமாரு கூட்டம் நடத்துனா ராத்திரி டின்னரு யாரு ஏற்பாடு பண்ணுதா? ஆக, காலேஜு ஊருல கடை போடுதவன் காலேஜுக்காரன நம்பிக் கடை போடக் கூடாது. பன்னெண்டு மாசமும் இங்கன கெடக்குற டாக்டரு, வக்கீலு, பேங்கு மானேஜரு, பெருமாள்புரத்துலயும் மகாராஜநகருலயும் வீடு கட்டி உக்காந்திருக்குற ரிட்டயரு ஆனவன் – இவனுவளுக்கு ஒன் கடை ‘நம்ம கடை’ ஆகணும். காலேஜுக்காரன் வந்தா அது மேவரும்படி.

காலண்டர மடிச்சிராதே. இன்னும் பாக்க வேண்டியது இருக்கு.

மெனு பூராவும் நண்டு, எறாலு, ஆட்டுத் தொடைன்னு போட்டிருக்க. புரட்டாசிக்கு என்ன செய்வ? சனிக்கிழமதான ஒனக்குக் கூட்டமே. அன்னைக்குப் பாதி ஊரு கவுச்சிய வீட்டுக்குள்ள விடாது. கார்த்திகை ஒண்ணாந்தேதி மால போட்டவன் தை பொறக்குத வர ஒம் பக்கமே வர மாட்டான். அவன் பொஞ்சாதியும் வர மாட்டா. அது முடிஞ்சுதுன்னு மூச்சு விடுததுக்குள்ள கிறிஸ்தவங்களுக்குத் தவக்காலம், லெந்து. நாப்பது நாளு. எல்லாரும் முழுசா விடுததில்ல, ஆனா வெள்ளிக்கிழம விடுதவன் நெறைய. ரம்ஜான் மாசம் மேலப்பாளையத்துக்காரரு பகல்ல வர மாட்டாரு. ராத்திரி வருவாரு, நீ பத்து மணிக்கே மூடிட்டேன்னா அவரும் இல்ல. இது போக வெள்ளி, செவ்வாய், கிருத்திக, அமாவாசை. ஒன்ன மேனேஜ்மெண்டு படிக்க வெச்சாங்களே, இந்தக் கணக்க எந்த வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க?

அதனாலதான் சொல்லுதேன், சொதி போடு.

சிரிக்காதே. சொதி நம்ம ஊரு சொத்து. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுச் சாப்பாட்டுல மாப்பிள்ளைக்குப் போடுத பண்டம் அது. தேங்காயத் துருவி மூணு தடவ பாலு எடுக்கணும். கடைசிப் பாலுல கேரட்டு, பீன்ஸு, முருங்கக்கா, கெழங்க வேக வைக்கணும். வெந்த பாசிப்பருப்பச் சேக்கணும். மொதப் பால விட்ட பெறவு கொதிக்க விடக் கூடாது, கொதிச்சாத் திரிஞ்சு போவும். எறக்கி வெச்சுத்தான் எலுமிச்சம்பழம் பிழியணும். தொட்டுக்க இஞ்சித் தொவையலு, உருளக்கெழங்கு வறுவலு. தேங்கா நெஞ்சக் கரிக்கும், அந்த இஞ்சி அத அடக்கும். பெரியவங்க யோசிக்காமலா வெச்சாங்க? இத நல்லாச் செய்ய நேரம் பிடிக்கும், கை வேணும், வீட்டுல இப்பம் யாரும் செய்யதில்ல. வீட்டுல செய்ய முடியாததத் தாரவனுக்குத்தான மனுசன் கூடக் குடுப்பான்? ஒன் பாஸ்தாவ ஹாஸ்டல் பய கெட்டிலுலயே செஞ்சிருதானே.

அத வெண்கலக் கும்பாவுல ஊத்து, வாழையெல போடு, நாற்காலி நல்லதாப் போடு. வேணாம்னு சொல்லல. துபாய்க்காரன் புள்ளைக்குக் காட்டணும்னு வருவான். வெளியூரு வாத்தியாரு அதுக்காவ வருவாரு. புரட்டாசிக்கும் ஓடும், லெந்துக்கும் ஓடும்.

ஆனா ஒன் மெனுவுல பொகை விடுத பண்டம் ஒண்ணு இருக்கே, அத எடுத்துரு. திரவ நைட்ரஜனாம். 2024-ல நம்ம உணவுப் பாதுகாப்புத் துறையே அத நேராத் திங்கக் குடுக்காதேன்னு எச்சரிச்சாச்சு. வாயில இருந்து பொகை வரணும்னா எங்காலத்துல சுருட்டுதான் குடிப்பாங்க. சாப்பாட்டுல எதுக்குலே?

பொகை விடாமலே கூட்டம் சேருத கடைன்னா, நம்ம டவுண்ல இருக்குற இருட்டுக்கடை அல்வாக்கடைய எடுத்துக்கோ. கீழ ரதவீதியில கோயிலுக்கு எதுத்தாப்புல. ராஜஸ்தானத்துல இருந்து வந்த குடும்பம் போட்ட கடை. போர்டு கெடையாது. சாயங்காலந்தான் தொறப்பாங்க. கொஞ்ச நேரத்துல தீந்துரும், மூடிருவாங்க. தெனமும் மூடுன கடை முன்னால நின்னு ஏசிட்டுப் போறவன் இருக்கான், மறுநாளு முன்கூட்டியே வந்து நிப்பான். இதப் பாத்துட்டு நீயும் போர்டு இல்லாம, வெளக்கு இல்லாம வெச்சா கூட்டம் வரும்னு நெனச்சிராதே, அதுதான் ஒன் வயசுக்காரன் பண்ணுத தப்பு. அங்கன வெளக்கு கம்மிங்குறதுக்காவ எவனும் போகல. நேத்து வாங்குன அல்வா எப்படி இருந்துதோ இன்னைக்கும் அப்படியே இருக்கும்னு போறான். கோதும ஊற வெச்சு ஆட்டிப் பாலெடுத்து, நெய்ய விட்டுக் கிண்டிக்கிட்டே நிக்கணும், கைய எடுக்க முடியாது. தாமிரவருணித் தண்ணிதான் ருசிக்குக் காரணம்னு சொல்லுவாங்க. தண்ணியும் இருக்கலாம், ஆனா தண்ணி எல்லாரு வீட்டுக் கொழாயிலயும் வருதுலா?

ஒனக்கு மேலைநாட்டு ஒதாரணந்தான் புடிக்கும். சரி, அதையும் சொல்லுதேன். ஒங்க பெரியத்தை மவ அமெரிக்காவுல பெர்க்லிங்குற காலேஜு ஊருல படிக்காள்லா, அவ போன்ல சொன்னது. அங்கன 1971-ல ஆலிஸ் வாட்டர்ஸ்னு ஒரு பொம்பள கடை போட்டா. அந்த ஊரு யுனிவர்சிட்டியிலயே படிச்சவ. கடை பேரு ஷே பனீஸ். இன்னைக்கு உலகம் பூராவும் பேரு வாங்குன கடை. மொத நாளு சாப்பாடு என்ன வெல தெரியுமா? 3 டாலரு 95 சென்ட்டு. ஆலிவு போட்ட வாத்துக்கறி, கடைசியில பிளம்ஸ் வெச்ச பணியாரம். அன்னைக்கு அதான், வேற கேக்க முடியாது. தெனமும் ஒரே ஒரு சாப்பாடு, அங்கன என்ன சமைச்சாங்களோ அதத்தான் எல்லாரும் திங்கணும். கேட்டுட்டு நான் சிரிச்சேன். இது நம்ம கல்யாண வீட்டுப் பந்திலா? பந்தியில எவனாவது மெனு கேக்கானா?

அவ செஞ்ச இன்னொரு காரியந்தான் எனக்குப் புடிச்சுது. கடை பேரு வாங்கி வெல ஏறிப் போச்சு. 1980-ல மாடியில தனியா ஒண்ணு தொறந்தா. கீழ ஒசத்திச் சாப்பாடு, மேல கொறஞ்ச வெலயில வேண்டியத வாங்கித் திங்கலாம். காலேஜு ஊருக்குச் சரியான புத்தி இது. ஒரே கடை, ரெண்டு வெல. மாடியில வந்து தின்ன பய, வேலைக்குப் போன பெறவு கீழ வந்து உக்காருவான். இங்கன நீயும் செய்யலாம். உள்ள தனி அறையும் எலையும். வாசப் பக்கம் ஒரு திண்ணை, சுக்குக் காப்பி, உளுந்த வட, பரோட்டா. ஹாஸ்டல் பயலுவ அங்கன கெடக்கட்டும். அவனுவதான் ஒனக்கு அப்பன்மாரக் கூட்டிட்டு வாரவன், வெரட்டிராதே. ஆனா அந்தப் பொம்பளையும் ரொம்ப வருசம் கடன்லதான் கெடந்தாளாம். அதையும் பேத்தி சொன்னா. ஒங்கப்பன் காதுல போடாதே.

துட்டுக் கணக்க வெரசாச் சொல்லிருதேன், எனக்குத் தூக்கம் வருது. நூறு ரூபா பில்லுல சாமானுக்கு 30 ரூபா, மிஞ்சிப் போனா 35. வாடக 10-க்கு மேல போனா நீ எடத்துக்காரனுக்குத்தான் ஒழைக்க. ஜி.எஸ்.டி. 5 சதவீதம். கொறச்சல்தானன்னு சந்தோசப்பட்டியாமே? 2017 நவம்பருல இருந்து அந்த 5 சதவீதத்துக்காரனுக்கு உள்வரியத் திரும்ப எடுக்க வழி இல்ல. ஏசிக்கும், தொங்குத வயருக்கும், பூசாத செவத்துக்கும் நீ கட்டுத வரியெல்லாம் போனது போனதுதான். அப்பம் அலங்காரத்த எவ்வளவு செய்யணும்னு யோசிக்க வேண்டாமா? பில்லுல சர்வீஸ் சார்ஜுன்னு சொல்லாமக் கொள்ளாமப் போட்டிராதே. கூடாதுன்னு 2022-லயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியாச்சு, 2025-ல டெல்லி ஐகோர்ட்டும் அதுதான் சரின்னுட்டு. அதவிட, நம்ம ஊரு வக்கீலு ஒருத்தன் பில்லக் கையில வெச்சுக்கிட்டு ஒன் கல்லாவுக்கு முன்னால நின்னான்னா அன்னைக்கு வியாபாரம் அம்புட்டுத்தான். போன்ல ஆர்டரு எடுத்து பைக்குல கொண்டுபோயிக் குடுக்கானே, அவன் கம்பெனிக்கு நூத்துல 20-க்கு மேல கூடப் போயிரும். சொதிய அதுல ஏத்தாதே, வழியிலயே ஆறிப் போயித் தேங்கா தெரஞ்சு நிக்கும். பரோட்டாவ வேணா ஏத்து.

கல்லாவுல யாரு உக்காருவா? "மேனேஜரு போட்டிருக்கேன் தாத்தா"ங்க. மேனேஜருக்கு டாக்டரம்மா சர்க்கரைக்காரின்னு தெரியுமா? வக்கீலு அண்ணாச்சிக்கு வெங்காயம் ஆகாதுன்னு தெரியுமா? அவனுக்கு நாளைக்கு மதுரையில ரெண்டாயிரம் கூடக் கெடச்சா போயிருவான். நீ உக்காரு. வாரவனப் பேரு சொல்லிக் கூப்பிடு. வயசுக்கு மூத்தவன்னா எந்திரிச்சு நில்லு. ஒன் கோட்டப் போட்டுக்கிட்டே கூட நில்லு, எனக்கு ஆட்சேபண இல்ல.

விளம்புத வேலைக்குக் காலேஜுப் பயலுவளையே போடப் போறேன்னு சொன்னியே, அது நல்ல யோசன. சாயங்காலம் வேல பாத்துப் படிக்குத பய நல்ல பயலாத்தான் இருப்பான். சாப்பாடு போடு, சம்பளத்த நாளு தவறாமக் குடு. ஆனா நவம்பருல பரீட்சைன்னு எல்லாரும் ஒரே நாளு லீவு கேப்பானுவ. அந்த நேரத்துல ஒனக்கு வெளம்ப ரெண்டு நெரந்தர ஆளு வேணும், இல்லன்னா நீயும் ஒங்கப்பனும் எலை எடுக்கணும். ஒங்கப்பன் இடுப்பு வலிக்காரன்.

மாஸ்டரு விசயந்தான் பாக்கி. மெட்ராஸுல இருந்து ஷெஃப்ப எறக்குதேன்னு நிக்க. அவன் நம்ம வெயிலத் தாங்க மாட்டான், ரெண்டாம் மாசம் ரயிலேறிருவான். டவுண்ல கல்யாணவீட்டுச் சமையல் பாக்காரு ஒருத்தரு, சொதியில அவரு கை தனி. வயசாச்சு, இப்பம் முன்ன மாதிரி ஊரு ஊரா அலைய முடியல. ஒரே எடத்துல அடுப்புன்னா சம்மதிப்பாரு. மவன் பரோட்டா போடுதான், அவனையும் சேத்துக் கேளு. முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்து வீட்டுக்குப் போ. சம்பளத்துல பேரம் பேசாதே. அவரு மொதல்ல கேக்கப் போறது, "மே மாசம் சம்பளம் உண்டா தம்பி?"ங்குறதுதான். பதில யோசிச்சு வெச்சுக்கிட்டுப் போ. வெள்ளென அஞ்சு மணிக்கெல்லாம் எந்திச்சுக் குளிச்சுட்டு, ஆறு மணிக்கு மார்க்கெட்டுக்குக் கெளம்பிருவாரு. அதுக்குள்ள போயிரணும். ஒனக்கு அந்த நேரத்துல விடிஞ்சிருக்குமா?